லினக்சு சாதன மாதிரியின் வரலாறு

லினக்சு சாதன மாதிரி என்பது, கணினியிலுள்ள வன்பொருள்களையும் அவற்றை இயக்கும் நிரல்களையும் பற்றிய விவரங்களை லினக்சு இயக்குதளத்தின் கருனி நினைவில் வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும் தரவுக் கட்டமைப்புகளின் தொகுதி ஆகும். பாட்டை, சாதனம், இயக்கி ஆகிய மூன்றும் இதன் அடிப்படைகள். செயலியையும் சாதனங்களையும் இணைக்கும் பொதுவழி பாட்டை. இது பஸ் என்றும் அழைக்கப்படுகிறது. ஒரு சாதனத்தைக் கையாளத் தெரிந்த நிரலே இயக்கி. இம்மாதிரி 2003 டிசம்பரில் வெளியான லினக்சு 2.6 பதிப்பில் இடம்பெற்றது. எந்த வன்பொருள் எங்கே உள்ளது என்ற தகவல், இயக்கிகளின் நிரல் வரிகளிலிருந்து படிப்படியாக அட்டவணைகளுக்கு மாறியதே இதன் வரலாறு.

பின்னணி

1981இல் வெளிவந்த ஐபிஎம் பீசியின் விரிவாக்கப் பாட்டை பின்னர் ஐஎஸ்ஏ எனப் பெயர் பெற்றது. அதில் செருகப்பட்ட பழைய அட்டைகள் தம்மை அடையாளம் காட்டுவதில்லை. அட்டையின் முகவரியையும் குறுக்கீட்டு எண்ணையும் அதன் மேலுள்ள ஜம்பர்களை மாற்றிப் பயனரே அமைக்க வேண்டியிருந்தது. லினக்சின் தொடக்ககால இயக்கிகள் வழக்கமான முகவரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தமக்குரிய அட்டையைத் தேடின. இத்தேடல் 'புரோப்' எனப்பட்டது. தேடும்போது வேறோர் அட்டையின் முகவரியைத் தொட்டுவிட்டால் கணினி செயலற்று நின்றுவிடக்கூடும். ஆகவே, குறிப்பிட்ட முகவரிகளைத் தேடலிலிருந்து விலக்க 'ரிசர்வ்' என்ற தொடக்க அளவுரு கருனியில் சேர்க்கப்பட்டது.

அடையாள அட்டவணைகள்

இன்டெல் நிறுவனம் 1992இல் அறிமுகப்படுத்திய பிசிஐ பாட்டை இந்நிலையை மாற்றியது. பிசிஐ சாதனத்தில் 256 பைட் அளவுள்ள அமைவுப் பகுதி உண்டு. அதன் முதல் 16 பிட்டுகள் தயாரிப்பாளர் எண். அடுத்த 16 பிட்டுகள் சாதன எண். இன்டெலின் தயாரிப்பாளர் எண், பதினாறடிமான முறையில் 8086. இது அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற செயலி ஒன்றின் பெயரும் ஆகும்.

2001 ஜனவரியில் வெளியான லினக்சு 2.4 பதிப்பில், ஒரு பிசிஐ இயக்கி தான் கையாளக்கூடிய எண்களின் அட்டவணையைக் கருனியிடம் பதிவு செய்யும் முறை இருந்தது. பாட்டையில் கண்ட எண்களோடு கருனி அதை ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டுமே இயக்கியின் 'புரோப்' செயற்கூற்றை அழைக்கும். பெயர் பழையதே, ஆனால் தேடும் வேலை இயக்கியிடமிருந்து கருனிக்கு மாறியது. யூஎஸ்பி இயக்கிகளும் இத்தகைய அட்டவணையையே பயன்படுத்தின.

பொது மாதிரி

ஒவ்வொரு பாட்டைக்கும் தனித்தனிக் கட்டமைப்புகள் இருந்ததால், கணினி முழுவதையும் காட்டும் ஒரே படம் கருனியிடம் இல்லை. மின்சக்தி மேலாண்மையில் இக்குறை வெளிப்பட்டது. மடிக்கணினியை உறக்க நிலைக்குக் கொண்டுசெல்லும்போது முதலில் யூஎஸ்பி சாதனங்களும், அடுத்து அவற்றை இணைக்கும் கட்டுப்படுத்தியும், அதன்பின் அது அமர்ந்துள்ள பிசிஐ பாட்டையும் நிறுத்தப்பட வேண்டும். வரிசை மாறினால், கட்டுப்படுத்தி நின்ற பிறகு அதன் வழியாகச் சாதனங்களை அடைய இயலாது. இந்த வரிசையை அறிய, எது எதனுடன் இணைந்துள்ளது என்பதைக் காட்டும் மரவடிவக் கட்டமைப்பு தேவைப்பட்டது.

2.5 வளர்ச்சிப் பதிப்புகளின் காலத்தில் பேட்ரிக் மோச்செல் இதற்கான பொதுக் கட்டமைப்புகளை உருவாக்கினார். 'டிவைஸ்' என்ற பொதுக் கட்டமைப்பு, பிசிஐ, யூஎஸ்பி ஆகியவற்றின் சொந்தக் கட்டமைப்புகளுக்குள் ஓர் உறுப்பாகப் பொதியப்பட்டது. ஒவ்வொரு சாதனமும் தன் பெற்றோர்ச் சாதனத்தைச் சுட்டும். இந்த மரத்தைப் பயனர்கள் கோப்புறைகளாகக் காணும் வகையில் சிஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையும் உருவானது.

ஒரு கட்டமைப்பை எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்ற எண்ணிக்கையும் அதனுள் வைக்கப்பட்டது. பயன்பாட்டில் உள்ள யூஎஸ்பி நினைவகத்தைத் திடீரெனப் பிடுங்கினாலும், எண்ணிக்கை சுழியமாகும் வரை அதற்குரிய கட்டமைப்பு அழிக்கப்படாது. அழிக்கப்பட்ட நினைவிடத்தைக் கருனி மீண்டும் தொட்டுப் பழுதடைவது இதனால் தவிர்க்கப்படுகிறது.

தம்மை அறிவிக்காத சாதனங்கள்

பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் உருவாக்கிய ஐ2சி போன்ற பாட்டைகளில், இணைந்துள்ள சாதனம் எது என்று கேட்டறியப் பொதுவான வழி இல்லை. ஆர்ம் செயலிகளைக் கொண்ட கருவிகளில் இத்தகைய பாட்டைகள் மிகுதி. அதனால் ஒவ்வொரு மின்சுற்றுப் பலகைக்கும் தனி சி நிரல் கோப்பு எழுதப்பட்டது. இக்கோப்புகள் பெருகியதை 2011இல் லினசு டோர்வால்ட்சு கடுமையாகக் கண்டித்தார்.

தீர்வாக அமைந்தது சாதன மரம் என்னும் தரவுக் கோப்பு. 1994இல் ஐட்ரிபிள்ஈ 1275 தரமாக வெளியான ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து வந்த இம்முறை, பவர்பிசி கணினிகளில் ஏற்கெனவே பயன்பட்டு வந்தது. பலகையில் உள்ளவற்றை இம்மரம் விவரிக்கும். அதிலுள்ள 'கம்பேட்டிபிள்' என்ற பெயரைக் கருனி இயக்கிகளின் அட்டவணையோடு ஒப்பிடும். 2012 டிசம்பரில் வெளியான லினக்சு 3.7 பதிப்பு முதல், வெவ்வேறு நிறுவனங்களின் ஆர்ம் சில்லுகளில் ஒரே கருனியை இயக்க வழி ஏற்பட்டது.