குழந்தையின் இருதய சத்திரசிகிச்சைக்கு எவ்வளவு இரத்தம் தேவை?

தலைமன்னார் பியரில் சந்தித்த கடற்றொழிலாளி ஒருவரின் நான்கு மாதப் பிள்ளைக்கு இருதயத்தில் துவாரம். சத்திரசிகிச்சைக்கு ரயிலேறி, முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். “பிள்ளைக்கு என்ர ரத்தத்தையே குடுக்கலாம்தானே தங்கச்சி?” என்று கேட்டார்.

மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் இரத்தமே இருக்கும். பெரிய தேநீர்க் கோப்பை ஒன்றின் அளவு. இருதயத்தை நிறுத்திவைத்திருக்கும் நேரத்தில் இருதய-நுரையீரல் இயந்திரமே இரத்தத்தை ஓட்டுகிறது. அதன் குழாய்களை முன்கூட்டியே திரவத்தால் நிரப்ப வேண்டும். வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் இரத்தம் கலக்காத கரைசல் போதும். சிசுவுக்கு அப்படிச் செய்தால் இரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துவிடும். ஆகவே தான இரத்தத்தின் ஒரு பங்கு, வெட்டியதில் சிந்தியதை ஈடுசெய்ய அல்ல, குழாயை நிரப்பவே போகிறது. இது எனக்கே புதிய செய்தி.

அதனால் முதல் வேலை குழாயைக் குட்டையாக்குவது. இயந்திரத்தைக் கட்டிலுக்கு அருகே நகர்த்தி, மெல்லிய குழாய்களைப் பொருத்துகிறார்கள். ஜேர்மனியின் பேர்லின் இருதய நிலையத்தில் நிரப்புத் திரவத்தைச் சுமார் 100 மில்லிலீற்றராகக் குறைத்து, சிசுக்களுக்கும் தான இரத்தம் ஊற்றாமலே இயந்திரத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். மிகையான நீரை வடிகட்டி இரத்தத்தைச் செறிவாக்கும் முறை லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் வைத்தியசாலையில் 1990களின் தொடக்கத்தில் உருவானது. சிந்திய இரத்தத்தைக் கழுவித் திருப்பி ஏற்றும் கருவியும், கசிவைக் குறைக்கும் ரனெக்சாமிக் அமிலமும் உண்டு. பரிசோதனைக்குச் சில சொட்டுகள் மட்டும் எடுப்பதும் முக்கியம். தீவிர சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி இரத்தம் எடுத்தால் சின்ன உடம்புக்கு அது பெரிய இழப்பு.

இரத்தம் கட்டாயம் தேவைப்படும் வேளையில் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு பையுடனும் ஒவ்வாமை, நுரையீரல் பாதிப்பு போன்ற ஆபத்துகளும் சிறிதளவு வருகின்றன. குறைக்கப் பார்ப்பது அதனால்தான்.

தகப்பனின் கேள்விக்கு வருகிறேன். நெருங்கிய உறவினரின் வெள்ளணுக்களைப் பிள்ளையின் உடல் அந்நியமென இனங்காணாமல் விட்டுவிடலாம். அவை தங்கிப் பெருகிப் பிள்ளையின் உடலையே தாக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் தப்பாது. எனவே அத்தகைய இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றக் கூடாது. 2014 முதல் இலங்கையின் தேசிய இரத்த வங்கி முழுவதும் தன்னார்வக் கொடையாளர்களின் இரத்தத்தில்தான் இயங்குகிறது. அவர் கொடுக்கலாம், அது வேறொருவருக்குப் போகும்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. திகதி கிடைத்தவுடன் பிள்ளைக்கு இரத்தச்சோகை உள்ளதா என்று வைத்தியரிடம் கேட்பது. இரும்புச்சத்துக் குறைவென்றால் அதைச் சரிசெய்யச் சில வாரங்கள் வேண்டும்.

இதைச் சொன்னதும் அவர் கிளினிக் கொப்பியை எடுத்துவரச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார்.