கல்லில் ஏறிய பெயர்கள்: ஆக்ரிங்டன் போர் நினைவுச்சின்னம்

ஆக்ரிங்டன் என்பது இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயர் பகுதியில் உள்ள ஒரு தொழில் நகரம். பருத்தி ஆலைகள், ஆலை இயந்திரத் தொழிற்சாலை, கடினமான சிவப்புச் செங்கல் ஆகியவற்றுக்குப் பெயர் பெற்ற இவ்வூரின் ஓக் ஹில் பூங்காவில் ஒரு போர் நினைவுச்சின்னம் உள்ளது. முதலாம் உலகப் போரில் இறந்த 865 பேரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப் போரில் இறந்தோரின் பெயர்கள் பிற்பாடு சேர்க்கப்பட்டன. சின்னத்தை வடிவமைத்தவர் சர் ரெஜினால்ட் புளோம்ஃபீல்ட். சிற்பம் ஹெர்பர்ட் டைசன் ஸ்மித்தின் கைவண்ணம். பெல்ஜியத்தில் ஈப்பர் நகரிலுள்ள புகழ்பெற்ற மெனின் வாயிலை வடிவமைத்தவரும் இதே புளோம்ஃபீல்ட்தான்.

போர் தொடங்குவதற்கு முன் ஆக்ரிங்டனின் மக்கள்தொகை ஏறத்தாழ 45,000. அப்படியானால் ஏறக்குறைய ஐம்பது பேருக்கு ஒருவர் வீதம் இறந்திருக்கின்றனர். முதியவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கழித்துவிட்டு இளைஞர்களை மட்டும் எண்ணினால் இழப்பின் விகிதம் இன்னும் பெரிதாகும்.

சின்னம் திறக்கப்பட்ட நாள் 1922 ஜூலை 1. அந்த ஊருக்கு அந்தத் தேதி தற்செயலானதன்று. அதற்குச் சரியாக ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரே காலைப் பொழுதில், ஊர்ப் படையின் பெரும்பகுதி அழிந்துபோனது.

தோழர் படை

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது பிரிட்டனில் கட்டாயப் படைச் சேர்ப்பு கிடையாது. அது 1916இல்தான் வந்தது. போர் அமைச்சர் கிச்சனர் தொண்டர்களை அழைத்தார். ஒன்றாக வேலை செய்பவர்களும் ஒரே தெருவில் வாழ்பவர்களும் சேர்ந்து பதிவு செய்தால் சேர்ந்தே போரிடலாம் என்ற வாக்குறுதி அப்போது பல ஊர்களில் தரப்பட்டது. அப்படி எழுந்த படைகளைப் 'பால்ஸ்' என்றனர். தோழர்கள் என்று பொருள். லிவர்பூல், மான்செஸ்டர், ஷெஃபீல்டு போன்ற பெருநகரங்கள் திரட்டிய படைகளுக்கு நடுவே, ஆக்ரிங்டன் போன்ற சிறு நகரமும் ஆயிரம் பேர் கொண்ட ஒரு முழுப் படையணியைத் தர முன்வந்தது. நகர மேயர் ஜான் ஹார்வுட் பொறுப்பேற்றார். செப்டம்பரில் பத்தே நாள்களில் ஆள்கள் சேர்ந்துவிட்டனர்.

இதை நாட்டுப்பற்றின் எழுச்சி என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது சரியன்று. அந்தக் கோடையில் ஊரின் பெரிய இயந்திரத் தொழிற்சாலையில் தொழில் தகராறு நடந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையின்றி இருந்தனர். போரால் பருத்தி வணிகமும் தடுமாறியது. படையில் சேர்ந்தால் நாள் கூலி உண்டு, குடும்பத்துக்குப் படி உண்டு. ஊர்ப் பாசமும் வயிற்றுப்பாடும் சேர்ந்தே அந்த வரிசையை நிரப்பின.

கிழக்கு லங்காஷயர் ரெஜிமெண்டின் 11ஆவது படையணி என்பதே இதன் முறையான பெயர். இதில் நான்கு கம்பெனிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று சோர்லி நகரத்திலிருந்தும் மற்றொன்று பர்ன்லியிலிருந்தும் வந்தது. ஆகவே 'ஆக்ரிங்டன் தோழர்கள்' எல்லாரும் ஆக்ரிங்டன்காரர்கள் அல்லர். அதேபோல நினைவுச்சின்னத்தில் உள்ள 865 பேரும் அந்தப் படையணியினர் அல்லர். வேறு படைகளிலும் வேறு முனைகளிலும் இறந்த ஊர்க்காரர்களும் அப்பட்டியலில் உள்ளனர். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவது மிகச் சாதாரணமாகக் காணப்படும் பிழை.

1916 ஜூலை 1

படையணி முதலில் எகிப்துக்குச் சென்று சூயஸ் கால்வாய்ப் பகுதியில் சில வாரங்கள் இருந்தது. 1916இன் தொடக்கத்தில் பிரான்சுக்கு மாற்றப்பட்டது. சோம் சண்டையின் முதல் நாளில், போர்முனையின் வடகோடியில் உள்ள செர் என்னும் சிற்றூரைப் பிடிப்பது அதன் வேலை. ஒரு வாரம் இடைவிடாமல் நடந்த பீரங்கித் தாக்குதலில் ஜெர்மானியரின் முள்கம்பி வேலிகள் அறுந்திருக்கும், பதுங்குகுழிகள் நொறுங்கியிருக்கும் என்று தளபதிகள் நம்பினர். இரண்டுமே முழுமையாக நடக்கவில்லை.

காலை 7.20 மணிக்கு முதல் வரிசையினர் பதுங்குகுழியை விட்டு ஏறித் திறந்த வெளியில் படுத்துக் காத்திருந்தனர். 7.30க்கு எழுந்து நடந்தனர். மேட்டில் இருந்த ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிகள் அவர்களை வரிசை வரிசையாக வீழ்த்தின. சிலர் எதிரியின் குழி வரை எட்டினர், மிகச் சிலர் ஊருக்குள்ளும் நுழைந்ததாகத் தெரிகிறது, அவர்கள் திரும்பவில்லை. தாக்குதலில் இறங்கியவர்கள் ஏறத்தாழ 720 பேர். இறந்தோர், காயமடைந்தோர், காணாமற்போனோர் சேர்த்து 584 பேர். பெரும்பாலான இழப்பு முதல் அரைமணி நேரத்துக்குள் நேர்ந்தது. அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் படை முழுவதற்கும் ஏற்பட்ட இழப்பு 57,470. அவர்களுள் இறந்தவர்கள் 19,240 பேர்.

ஒரே தெருக்காரர்கள் சேர்ந்தே போரிடலாம் என்ற வாக்குறுதி காப்பாற்றப்பட்டது. சேர்ந்தே இறந்ததும் அதனால்தான்.

ஊருக்குச் செய்தி உடனே வரவில்லை. முதல் நாள்களில் நாளிதழ்கள் வெற்றிச் செய்தியையே அச்சிட்டன. பிறகு காயம்பட்டவர்களின் கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஏழு பேர் மட்டுமே மிஞ்சினர் என்ற வதந்தி ஊர் முழுக்கப் பரவியது. உண்மையைச் சொல்லும்படி மேயரிடம் மக்கள் முறையிட்டனர். அதிகாரிகளின் குடும்பங்களுக்குத் தந்தி போனது. சாதாரணச் சிப்பாயின் வீட்டுக்கு வந்தது அஞ்சலில் ஓர் அச்சிட்ட படிவம். இறந்திருந்தால் பி 104-82. காணவில்லை என்றால் பி 104-83. அஞ்சல்காரர் எந்த வீட்டு வாசலில் நிற்கிறார் என்று தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளூர் வார இதழ் இறந்தோரின் சிறு நிழற்படங்களைப் பக்கம் பக்கமாக வெளியிட்டது. தெருவுக்குத் தெரு சன்னல் திரைகள் இறக்கப்பட்டிருந்ததைப் பின்னாளில் ஊரார் நினைவுகூர்ந்திருக்கின்றனர். சாவு வீட்டின் அடையாளம் அது.

உடல் இல்லாத துக்கம்

செர் முனையில் விழுந்தவர்கள் பலர் இரு படைகளுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே கிடந்தனர். 1917 பிப்ரவரியில் ஜெர்மானியர் அவ்விடத்தை விட்டுப் பின்வாங்கிய பிறகே அவர்களைத் தேடிப் புதைக்க முடிந்தது. எட்டு மாதத்துக்குப் பின் யார் எவர் என்று அறிவது எப்படி? அடையாளம் தெரியாமலும் உடலே கிடைக்காமலும் போனவர்களின் பெயர்கள், 1932இல் திறக்கப்பட்ட தியெப்வால் நினைவு வளைவில் 72,000க்கும் மேற்பட்ட பிற பெயர்களோடு இடம்பெற்றுள்ளன.

அடையாளம் தெரிந்தவர்களின் உடல்களும் ஊர் திரும்பவில்லை. உடல்களைத் தோண்டித் தாயகம் கொண்டுவர 1915இலேயே தடை விதிக்கப்பட்டது. வசதியுள்ள குடும்பம் மகனின் உடலைக் கொண்டுவரும், ஏழைத் தாய்க்கு அது இயலாது என்பது ஒரு நியாயம். 1917இல் ஃபேபியன் வேர் முயற்சியால் அமைந்த பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் இதையே கொள்கையாக்கியது: தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல். பல பெற்றோர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். ஆனாலும் தடை நீங்கவில்லை.

இதனால் ஊர் நடுவே எழுந்த கல், வெறும் கௌரவச் சின்னமாக இல்லாமல் கல்லறையின் இடத்தைப் பிடித்தது. பிரான்சுக்குப் போய்வரப் பணமில்லாத ஆலைத் தொழிலாளியின் மனைவி பூ வைப்பதற்கு இருந்த இடம் அந்தப் பெயர் ஒன்றுதான்.

அந்தப் பெயர்களை யார் சேகரித்தார்கள் என்பது அதிகம் பேசப்படாத செய்தி. பிரிட்டனில் ஊர் நினைவுச்சின்னங்களை அரசு கட்டவில்லை. ஊர்க்குழுக்கள் நன்கொடை திரட்டிக் கட்டின. பட்டியலும் அப்படியே உருவானது: நாளிதழில் அறிவிப்பு, தேவாலயத்தில் பதிவு, சில இடங்களில் வீடு வீடாக விசாரிப்பு. கேள்விகள் நிறைய எழுந்தன. இங்கே பிறந்து வேறு ஊரில் வாழ்ந்தவரைச் சேர்ப்பதா? போர் முடிந்த பின் வீட்டில் காயத்தால் இறந்தவர்? ஒரே ஆள் இரண்டு ஊர்க் கற்களில் இருப்பதும், ஒரு கல்லிலும் இல்லாமற்போவதும் உண்டு. காணாமற்போன மகன் என்றாவது வருவான் என்று காத்திருந்த தாய்மார் சிலர் பெயர் தரவே மறுத்தனர். பெயரைத் தருவது அவன் இறந்ததை ஒப்புக்கொள்வதாகிவிடுமல்லவா?

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, தன் படையாலேயே சுடப்பட்டவனைப் பற்றியது. படையைவிட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படை தன் வீரர்கள் 306 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. பெரும்பாலான ஊர்ப் பட்டியல்களில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. லிங்கன்ஷயரில் உள்ள ஃபுல்ஸ்டோ என்ற சிற்றூரில் மட்டும் வேறுவிதமாக நடந்தது. அவ்வூர்ச் சிப்பாய் சார்லஸ் கிர்மன் 1917இல் சுடப்பட்டவர். அவர் பெயரைச் சேர்க்க முடியாது என்றபோது, மற்றக் குடும்பங்கள் தம் பிள்ளைகளின் பெயரும் வேண்டாம் என்றுவிட்டன. ஊர் பல்லாண்டுகள் கல்லின்றியே இருந்தது. 2005இல்தான் அங்கே நினைவுப் பலகை அமைந்தது. கிர்மனின் பெயரும் அதில் உள்ளது. 306 பேருக்கும் அரசு மன்னிப்பு வழங்கியது அடுத்த ஆண்டில். சட்டத்தைவிட அந்த ஊர் முந்திக்கொண்டது.

எண்ணாக மட்டும் நின்றவர்கள்

எல்லாருக்கும் ஒரே கல் என்ற கொள்கை ஐரோப்பாவுக்கு வெளியே அப்படியே கடைப்பிடிக்கப்படவில்லை. அந்தப் போரில் இந்தியப் படையில் இறந்தவர்கள் 70,000க்கும் மேல். அவர்களில் பெரும்பகுதியினர் மாண்டது இன்றைய ஈராக்கான மெசபடோமியாவில். மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவினரும் அங்கே பாலம் கட்டினர், பாதை அமைத்தனர். 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர் ஒவ்வொருவரின் பெயரும் வெட்டப்பட்டது. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர்; சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் இறந்தோர் எண்ணிக்கையும் மட்டும்.

ஆணையம் 2021இல் வெளியிட்ட தன் அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு, ஆசியாவைச் சேர்ந்த குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும், அந்த எண்ணிக்கை 3,50,000 வரை போகக்கூடும் என்றும் அது கூறியது. விடுபட்ட பெயர்களைத் தேடும் பணி நடந்துவருகிறது. அதன் பயனாகத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2025 ஜனவரியில் ஒரு சின்னம் திறக்கப்பட்டது. தொழிலாளர் படையில் இறந்த 1,700க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவருக்கு ஆளுக்கொரு மரத்தூண் நட்டுப் பெயர் எழுதியிருக்கின்றனர்.

இதே போரைக் குறிக்கும் சிறு கல்வெட்டுப் பலகைகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் உள்ளன. அரசு ஒரே வாசகத்தில் செய்து அனுப்பியவை அவை. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்பதே செய்தி. பெயர் கிடையாது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகல்லையும் இந்தப் பலகையையும் மாணவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டதாக ஆய்வாளர்கள் கருதும் அந்தக் கல், கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்தவன் பெயர் அந்தவன் என்று சொல்கிறது. நூறாண்டுக்கு முந்தைய பலகையோ 'மூவர்' என்றோ 'நால்வர்' என்றோ சொல்லி நின்றுவிடுகிறது.

ஆக்ரிங்டனில் பட்டியல் தொகுக்கப்பட்டபோது இறந்தவர்களின் தாய்மார் உயிரோடு இருந்தனர். கேட்டவர்களும் அதே ஊர்க்காரர்கள். அனுப்பிவைக்கப்பட்ட பலகையில் அப்படி ஊரார் கூடிச் சேர்த்த பட்டியல் இல்லை. இன்று அந்தப் பெயர்களைத் தேடுபவர் படைப்பிரிவுகளின் இறப்புப் பதிவேடுகளையும், ஆணையத்தின் தரவுத்தளத்தையும், தாத்தாவின் தமையன் ஒருவர் பாஸ்ராவுக்குப் போய்த் திரும்பவில்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் வீடுகளையும் நாட வேண்டியுள்ளது.