ரொட்டிக் கணக்கு

சரித்திரத்தில் ராஜாக்களின் யுத்தங்களைவிட மார்க்கெட் விலைகளைப் படிப்பதில்தான் எனக்கு ருசி அதிகம். எந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, எந்த வீட்டில் எரியவில்லை என்பதை அவை சொல்லிவிடும்.

1795-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ரொட்டி விலை கூலிக்காரனுக்கு எட்டாமல் போயிற்று. பிரான்ஸோடு யுத்தம், முந்தின வருஷம் விளைச்சல் மோசம், குளிர்காலமும் கடுமை. மே மாதம் 6-ஆம் தேதி பெர்க்ஷயர் ஜில்லா மாஜிஸ்திரேட்டுகள் ஸ்பீன்ஹாம்லாந்து என்ற ஊரில் பெலிகன் சத்திரத்தில் கூடினார்கள். கூலியை உத்தரவு போட்டு உயர்த்தலாமா என்று யோசித்து, அதை விட்டுவிட்டு, வேறோர் ஏற்பாடு செய்தார்கள். நம்மூர் உத்தியோகஸ்தர்களுக்குப் பழக்கமான வார்த்தையில் சொன்னால், அது ஏழைகளுக்கு ஒரு பஞ்சப்படி.

ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள பெரிய ரொட்டி ஒரு ஷில்லிங் விற்றால், உழைக்கும் ஆணுக்கு வாரம் 3 ஷில்லிங். மனைவிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்றரை ஷில்லிங். வருமானம் இதற்குக் குறைந்தால் மிச்சத்தை ஊரின் ஏழை வரியிலிருந்து கொடுக்க வேண்டும். ரொட்டி விலை ஏறினால் படியும் ஏறும். மூன்று குழந்தைகள் உள்ள வீட்டுக்கு 9 ஷில்லிங் ஆகிறது. குழந்தைகளின் வயிற்றையும் எண்ணிப் போட்ட கணக்கு இது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஏற்பாட்டில் குறை இல்லாமலில்லை. மிச்சத்தை ஊர் கொடுத்துவிடும் என்று பண்ணைக்காரர்கள் கூலியை உயர்த்தாமலிருக்க இடமிருந்தது. ஆனால் பழி விழுந்தது கூலிக்காரன் தலையில். உதவிப் பணம் அவனைச் சோம்பேறியாக்கிற்று என்று 1834-ல் ஒரு ராயல் கமிஷன் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கமிஷன் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதியவை சுமார் பத்தில் ஒரு பங்கு ஊர்களே! அந்த வருஷமே புதுச் சட்டம் வந்தது. உதவி வேண்டுமானால் குடும்பத்தோடு ஏழை விடுதிக்குள் போக வேண்டும் என்பது அதன் நோக்கம். உள்ளே புருஷன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம். ஆண்டோவர் விடுதியில் உரத்துக்காக எலும்பு உடைத்தவர்கள், பசி தாங்காமல் அதில் ஒட்டியிருந்த அழுகல் சதையைத் தின்றது 1845-ல் அம்பலமாயிற்று.

1963-ல் மார்க் பிளாக் என்ற பொருளாதார அறிஞர் பழைய கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார். படி கொடுத்ததால் ஏழ்மை வரவில்லை, கூலி குறைந்து வேலை அரிதாயிருந்த இடங்களில்தான் படி கொடுத்தார்கள் என்று வாதித்தார். ஆனாலும் பழைய கதை சாகவில்லை. 1969-ல் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன், குழந்தைகளுள்ள ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்தபட்ச வருமானம் தரத் திட்டமிட்டபோது, அவருடைய ஆலோசகர் ஒருவர் ஸ்பீன்ஹாம்லாந்தைச் சுட்டிக் காட்டி எச்சரித்துக் குறிப்பு எழுதினார். திட்டம் பிரதிநிதிகள் சபையைத் தாண்டி, செனட்டில் நின்றுபோயிற்று. அதற்குக் காரணங்கள் பல. இந்த அச்சமும் அவற்றில் சேர்ந்தது.

பணம் கொடுத்தால் தகப்பன் சோம்பேறியாவானா என்ற கேள்வியை இன்றும் கேட்கிறோம். கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் ரொட்டி என்ன விலை, வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று அந்தச் சத்திரத்தில் முதலில் கேட்டார்களே, அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு இதைக் கேட்கலாம்.