கைதியாய் வந்த கோல் காவலர்

கல்லூரியில் படித்த காலத்தில் நான் கோல் காத்தவன். திறமை கண்டு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பந்தைத் துரத்தி ஓட எனக்கு மூச்சுப் போதாது. ஆனால் ஆள் சற்று நெட்டை. ஆகவே இரண்டு கம்பங்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார்கள். முன்னணியில் ஆடுகிறவன் ஐந்து முறை தவறவிட்டு ஆறாவது முறை பந்தைப் போட்டுவிட்டால் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். கோல் காப்பவன் ஐந்து பந்துகளைத் தடுத்து ஆறாவதை விட்டுவிட்டாலோ, விடுதியில் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அந்த ஒன்றைப் பற்றியே பேசுவார்கள். இந்த அநியாயத்தை நேரில் அனுபவித்தவன் ஆதலால், கோல் காவலர்களின் வரலாற்றைத் தேடிப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அவ்வாறு படித்தவற்றுள் நெடுநாள் என் மனத்தை விட்டு அகலாத ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் பெர்ட் டிரவுட்மன். ஜெர்மானியர், ஆனால் புகழ் பெற்றது இங்கிலாந்தில். அதிலும் ஜெர்மன் குண்டுகளால் இடிந்து கிடந்த ஒரு நகரத்தில்.

அவர் 1923ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் பிரேமன் என்ற துறைமுக நகரில் பிறந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் அவருக்கு வயது பத்து. அந்த வயதிலேயே நாஜிகளின் சிறுவர் படையில் சேர்ந்தார். அணிவகுப்பு, விளையாட்டு, கொடி, பாட்டு என்று சிறுவர்களின் உள்ளத்தைக் கவரும் அனைத்தும் அங்கே இருந்தன. அவற்றோடு நஞ்சும் கலந்திருந்தது. மோட்டார் பழுதுபார்க்கும் தொழில் பயின்றுகொண்டிருந்தவர், யுத்தம் மூண்டபின் விமானப் படையில் சேர்ந்து, பிறகு பாராசூட் படை வீரரானார். ருஷ்யப் போர்முனையில் போரிட்டு இரும்புச் சிலுவை விருதும் பெற்றார். பிறகு மேற்கு முனைக்கு மாற்றப்பட்டு, 1945இல் பிரிட்டிஷாரிடம் கைதியானார்.

கைதிகளை விசாரித்த அதிகாரிகள் அவரை முதலில் 'சி' வகுப்பில் சேர்த்தார்கள். நாஜிக் கொள்கையில் ஊறியவர் என்பது அதற்குப் பொருள். சில காலத்துக்குப் பின் அந்த மதிப்பீடு தளர்ந்தது. லங்காஷயரில் ஆஷ்டன் என்ற ஊருக்கு அருகிலிருந்த 50ஆம் எண் முகாமில் அவர் 1948 வரையில் இருந்தார். முள்வேலிக்கு உள்ளே இருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமல்லவா? கால்பந்து ஆடினார்கள். டிரவுட்மன் அப்போது களத்தில் ஓடி ஆடுகிறவர். ஒரு நாள் ஆட்டத்தில் அடிபட்டு, கோல் காத்தவரோடு இடம் மாற்றிக்கொண்டார். அன்று கம்பங்களுக்கு இடையே போய் நின்றவர் பின்னர் அந்த இடத்தை விட்டு வரவே இல்லை.

1948இல் தாய்நாடு திரும்பலாம் என்று சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். பண்ணையில் வேலை செய்தார். வெடிக்காமல் கிடந்த குண்டுகளை அகற்றும் பணியிலும் இருந்தார். ஓய்வு நேரத்தில் செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற சிறிய கழகத்துக்குக் கோல் காத்தார். அவர் ஆட்டத்தைக் காணவே கூட்டம் பெருகிற்று. 1949 அக்டோபரில், முதல் டிவிஷனில் ஆடிய மான்செஸ்டர் சிட்டி கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

நம் கோயம்புத்தூருக்குத் தன் பெயரை உவமையாகத் தந்த நெசவு நகரம் மான்செஸ்டர். 1940ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜெர்மன் விமானங்கள் அதன்மேல் குண்டு பொழிந்தன. 1941 மார்ச்சில் விழுந்த குண்டுகள், அந்நகரின் மற்றொரு கழகமான மான்செஸ்டர் யுனைடெட்டின் ஆட்டக்களத்தையே தகர்த்துவிட்டன. யுனைடெட் அணி 1949 வரையில் சிட்டியின் மெய்ன் ரோடு மைதானத்தில் இடம் கேட்டு ஆட நேர்ந்தது. அந்த விருந்தினர் தம் சொந்தக் களத்துக்குத் திரும்பிய அதே ஆண்டில்தான், குண்டு போட்ட நாட்டின் போர்வீரர் ஒருவர் மெய்ன் ரோடு வாயிலில் வந்து நின்றார் என்பதை நினைத்துப் பாருங்கள். மேலும், அந்நகரில் யூதர்களும் பெருந்தொகையினராக வாழ்ந்தார்கள். அவர்களுள் உற்றாரை வதைமுகாம்களில் பறிகொடுத்தவர்கள் பலர்.

எதிர்ப்புக் கிளம்பியதில் வியப்பில்லை. சுமார் 20,000 பேர் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள் என்று எழுதப்பட்டு வருகிறது. பருவச்சீட்டு வாங்கியவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று எச்சரித்தார்கள். இந்த நிலையில் இருவர் வாய் திறந்தனர். ஒருவர் அணித் தலைவர் எரிக் வெஸ்ட்வுட். நார்மண்டியில் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டவர் அவர். ஆட்டக்காரர் உடைமாற்றும் அறைக்குள் யுத்தம் கிடையாது என்று சொல்லிப் புதியவரை வரவேற்றார். மற்றவர் அந்நகர யூதர்களின் குருவான அலெக்ஸாண்டர் ஆல்ட்மன்.

ஆல்ட்மனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெர்லினில் ரப்பியாகவும் ஆசிரியராகவும் இருந்தவர். 1938இல் உயிர் தப்பி இங்கிலாந்து வந்தவர். அவருடைய தந்தையும் ட்ரியர் நகரில் தலைமை ரப்பியாக இருந்த பெரியவர். தாய் தந்தை இருவரும் 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். அத்தகையவர் பத்திரிகைக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஜெர்மானியர் கையால் நாம் பட்ட கொடுமை பெரிது; எனினும் அக்குற்றங்களோடு தொடர்பில்லாத ஒரு தனி மனிதரை வெறுப்பினால் தண்டிக்கலாகாது, ஒவ்வொருவரையும் அவரவர் தன்மை கொண்டே எடைபோட வேண்டும் என்பது அதன் கருத்து. ஆர்ப்பாட்டம் மெல்ல அடங்கிற்று.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. டிரவுட்மனைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை விரைவாகத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். முதுமையில் டிரவுட்மனே ஒரு செய்தியை வெளியிட்டார். ருஷ்யப் போர்முனையில் இருந்தபோது, ஒரு காட்டில் பள்ளம் தோண்டி அதன் ஓரத்தில் மக்களை நிறுத்திச் சுட்டுக் கொன்றதைத் தாமும் ஒரு தோழரும் மறைந்திருந்து கண்டதாகவும், ஓசைப்படாமல் ஊர்ந்து தப்பியதாகவும் அவர் சொன்னார். அவர் சுடவில்லை; ஆயினும் பார்த்தார். சுட்டவர்கள் எந்தக் கொடியின்கீழ் நின்றார்களோ அதே கொடியின்கீழ் தொடர்ந்து போரிட்டார். ஆல்ட்மன் அந்தக் கடிதத்தை எழுதியபோது இச்செய்தி உலகுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பாரா? நான் பலமுறை என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி இது. எழுதியிருப்பார் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அவ்வளவு உறுதியாகத் தோன்றாது. ஆனால் ஒன்று தெளிவு. அந்தக் கடிதம் டிரவுட்மன் குற்றமற்றவர் என்று சான்றிதழ் தரவில்லை. விசாரணையின்றித் தண்டிக்கலாகாது என்ற அளவோடு நின்றது. பெற்றோரைப் பறிகொடுத்தவர் அந்த அளவுக்கு வந்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1949 நவம்பர் 19ஆம் நாள் போல்ட்டன் அணிக்கு எதிராக அவர் முதன்முதலில் களம் இறங்கினார். மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள்! 1950 ஜனவரியில் லண்டனில் ஃபுல்ஹாம் அணியோடு ஆட்டம். லண்டனும் குண்டுகளால் நொறுங்கிய ஊர்தானே. அவர் களத்தில் நுழைந்தபோது வசைமாரி பொழிந்தது. ஆட்டத்தில் சிட்டி ஒரு கோலால்தான் தோற்றது. இறுதி விசில் ஒலித்தபோது இரு அணியினரும் வரிசையாக நின்று கைதட்டி அவரை வழியனுப்பினார்கள்.

அவருடைய ஆட்ட முறையைப் பற்றியும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அக்கால இங்கிலாந்தில் கோல் காவலர் பந்தைப் பிடித்ததும் தம்மால் இயன்ற தூரம் உதைத்துவிடுவார். பந்து யாரிடம் போய்ச் சேரும் என்பது தெய்வச் செயல். டிரவுட்மன் இளமையில் ஜெர்மனியில் கையால் எறிந்து ஆடும் ஹாண்ட்பால் ஆட்டத்தில் பயின்றவர். அவர் பந்தை உதைப்பதைக் குறைத்து, தம் அணியினர் ஒருவர் காலடிக்கே குறிபார்த்து எறிந்தார். தாக்குதல் அங்கிருந்தே தொடங்கிற்று. 1953இல் ஹங்கேரி அணி வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்ற கணக்கில் வென்றபோது அந்நாட்டுக் காவலர் க்ரோஷிச்சும் அப்படித்தான் செய்தார். அதைப் பின்பற்றி சிட்டி அணி டான் ரெவீயை நடுவில் பின்வாங்கி நிறுத்தி ஆடிய புதுமுறைக்கு டிரவுட்மனின் கையே அடிப்படையாயிற்று. 1956இல் பத்திரிகையாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். கோல் காவலர் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை.

அந்த ஆண்டு மே 5ஆம் நாள், வெம்ப்ளியில் எஃப். ஏ. கோப்பை இறுதியாட்டம். எதிரே பர்மிங்ஹாம் சிட்டி. 3-1 என்று சிட்டி முன்னணியில் இருக்கிறது. ஆட்டம் முடியப் பதினேழு நிமிஷம் இருந்தபோது பீட்டர் மர்ஃபி பந்தோடு பாய்ந்து வந்தார். டிரவுட்மன் அவர் காலடியில் விழுந்து பந்தைப் பற்றினார். மர்ஃபியின் முழங்கால் அவர் கழுத்தில் மோதிற்று. நினைவிழந்து கிடந்தவரைத் தெளிவித்து நிறுத்தினார்கள். இங்கிலாந்தில் அக்காலத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி இடம் தரவில்லை. லீக் ஆட்டங்களிலேயே 1965இல்தான் அது வந்தது. ஆகவே கம்பத்துக்குத் திரும்பினார். கண் மங்கிய நிலையிலேயே எஞ்சிய நேரம் கோலைக் காத்தார். பரிசு வாங்க வந்தபோது கழுத்து கோணியிருந்ததை எடின்பரோ கோமகன் பிலிப் கவனித்துக் கேட்டாராம்.

வீரத்தைப் போற்றும்போது அறிவீனத்தையும் மறைக்கலாகாது. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது அன்று அவருக்கே தெரியாது. மறுநாள் பார்த்த மருத்துவர், சுளுக்குத்தான், தானே போய்விடும் என்று அனுப்பிவிட்டார். நான்காம் நாள் மான்செஸ்டரில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் உண்மை வெளிவந்தது. ஐந்து கழுத்தெலும்புகள் இடம் பெயர்ந்திருந்தன. இரண்டாவது எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்றாவது எலும்பு ஆப்புப்போல் அதில் சிக்கிக்கொண்டதால்தான் உயிர் தங்கிற்று. இன்று எந்தப் பயிற்சியாளரும் அப்படி ஒருவரை ஆடவிடமாட்டார், விடவும் கூடாது. உங்கள் கல்லூரி மைதானத்தில் ஒருவன் தலையிலோ கழுத்திலோ அடிபட்டால், டிரவுட்மன் கதையைச் சொல்லி அவனை ஆடத் தூண்டிவிடாதீர்கள்.

சில வாரங்களில் அவருடைய ஐந்து வயது மகன் மோட்டார் வண்டியில் அடிபட்டு இறந்தான். கழுத்து ஆறிற்று, இது ஆறவில்லை. ஆயினும் அந்த ஆண்டு முடிவதற்குள் களத்துக்கு வந்துவிட்டார். 1964 வரையில் சிட்டிக்காக மொத்தம் 545 ஆட்டங்கள் ஆடினார்.

இவ்வளவு பெரிய காவலர் தம் சொந்த நாட்டுக்காக ஒரு முறைகூட ஆடியதில்லை. வெளிநாட்டுக் கழகத்தில் ஆடுகிறவரைத் தேசியப் பயிற்சியாளர் ஹெர்பெர்கர் சேர்க்கவில்லை. 1954இல் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றபோது டிரவுட்மன் அந்த அணியில் இல்லை. ஆனால் 1960இல் இங்கிலீஷ் லீக்கின் தேர்ந்த அணி அவரைத் தன் கோலில் நிறுத்திற்று.

பிற்காலத்தில் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் அவரைப் பயிற்சியாளராகப் பல நாடுகளுக்கு அனுப்பிற்று. முதலில் போனது நமக்கு அண்டை நாடான பர்மாவுக்கு. பிறகு தான்ஸானியா, லைபீரியா, பாகிஸ்தான், ஏமன் என்று பயணம் தொடர்ந்தது. கடைசியில் ஸ்பெயின் நாட்டில் குடியேறி, 2013 ஜூலை 19ஆம் நாள், 89ஆம் வயதில் காலமானார்.

இரு நாடுகளிடையே நல்லுறவு வளர்த்தவர் என்று பிரிட்டன் 2004இல் அவருக்கு ஓ. பி. ஈ. விருது அளித்தது. பெர்லின் நகருக்கு வந்திருந்த எலிஸபெத் அரசியாரை அவர் சந்தித்தார். 1956இல் வெம்ப்ளி மேடையில் பரிசு கொடுத்தவரும் அதே அரசியார்தாம். நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துக் கண்டவுடன் அவரை நினைவுகூர்ந்து, கழுத்துவலி இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தாராம். டிரவுட்மன் அதைப் பிறரிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.