பூசாவிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை: மரம் துளைக்கும் வண்டின் வரலாறு

மரம் கெடுவதைக் குறிக்கத் தமிழில் இரு வழக்குகள் உள்ளன. மாவாக உதிரும் மரத்தை ‘உளுத்தது’ என்கிறோம். மண்பூச்சுடன் அரிக்கப்பட்டதைச் ‘செல்லரித்தது’ என்கிறோம். முன்னது வண்டின் புழுவால் நேர்வது. பின்னது கறையானால் நேர்வது. கேட்டின் காரணத்தை அறிந்த பின்னரே தடுப்புமுறையைத் தெரிவுசெய்ய இயலும். இவ்வுண்மையைப் புலப்படுத்துவதும் இந்தியத் தொடர்புடையதுமான வரலாற்று நிகழ்வொன்றை இக்கட்டுரையில் ஆராய்கிறோம்.

இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் ஓக் மரக் கூரை, இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் ஆணைப்படி 1393இல் தொடங்கப்பட்டது. அதனை அமைத்தவர் தலைமைத் தச்சர் ஹியூ ஹெர்லண்ட். ஏறத்தாழ 20 மீட்டர் அகலத்தை நடுத்தூண் ஏதுமின்றி மூடிநிற்கும் அக்கூரை, 1834ஆம் ஆண்டுப் பெருந்தீக்கும் தப்பியது. ஆயினும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசுக் கட்டடக் கலைஞர் பிராங்க் பெயின்ஸ் அதனைச் சோதித்தபோது, உறுதியாகத் தோன்றிய உத்திரங்கள் பல உள்ளே பொள்ளலாக இருந்தமை தெரியவந்தது. காரணம் ‘டெத்வாட்ச்’ எனப்படும் வண்டாகும். இணையை அழைக்க இவ்வண்டு தலையால் மரத்தைத் தட்டும். இறக்கும் நிலையில் இருப்போர் அருகே இரவில் விழித்திருந்தோர் அவ்வொலியைக் கேட்டமையால் இப்பெயர் அமைந்தது.

பெயின்ஸ் நாடிய பூச்சியியலார் ஹெரால்டு மேக்ஸ்வெல் லெஃப்ராய். இவர் 1903இல் இந்திய அரசின் பூச்சியியலாராகிப் பின்னர்ப் பீகாரின் பூசாவில் பணியாற்றியவர்; 1909இல் இந்தியப் பூச்சிகள் பற்றிய பெருநூலை வெளியிட்டவர்; பின்னர் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியரானவர். இந்தியாவில் பயிர்ப்பூச்சிகளை ஆராய்ந்த இவர், வெஸ்ட்மின்ஸ்டர் கூரைக்கென வண்டைக் கொல்லும் நீர்மம் ஒன்றை உருவாக்கினார். அதன் தொடர்ச்சியாகவே 1925இல் ரென்டோகில் நிறுவனம் தோன்றியது. அதே ஆண்டு அக்டோபரில், தம் ஆய்வுக்கூடத்தில் பூச்சிகொல்லும் நச்சுவளியைச் சோதித்தபோது மயங்கி விழுந்த லெஃப்ராய், சில நாள்களில் உயிரிழந்தார்.

கூரையை நிலைநிறுத்தியது நீர்மம் மட்டுமன்று. 1923 வரை நீண்ட சீரமைப்பில் எஃகுச் சட்டங்கள் பொருத்தப்பட்டன. டெத்வாட்ச் வண்டின் புழு, ஈரத்தால் பூஞ்சை பற்றி நெகிழ்ந்த மரத்திலேயே செழித்து வளரும். பத்தாண்டுகள்கூட உள்ளே உயிர்வாழும். பருத்த உத்திரத்தின் மேலே பூசும் மருந்து அதனை எளிதில் எட்டுவதில்லை. எனவே கூரை ஒழுக்கை அடைப்பதும் காற்றோட்டம் அமைப்பதும் முதன்மையான தீர்வுகளாகும்.

இத்தீர்வு எல்லா வண்டுகளுக்கும் பொருந்தாது. டெத்வாட்ச் வண்டு வெளியேறும் துளை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் விட்டமுடையது. அதன் கழிவு சிறு வில்லைகளாக இருக்கும். மலேசிய இல்லங்களில் மரப்பொருள்களின் கீழ் மாப்போன்ற நுண்பொடி உதிருமாயின், அது பெரும்பாலும் மாத்தூள் வண்டின் வேலையாகும். அதற்கு ஈரம் தேவையில்லை; மாச்சத்து மிகுந்த உலர்ந்த மரமே போதும். நம் முன்னோர் பால்வெட்டிய ரப்பர் மரம் அத்தகையது. ஆகவேதான் அறுத்தவுடன் அம்மரத்தில் போரான் உப்புக்கரைசலை அழுத்தத்தால் செலுத்துகின்றனர். மரத்துளைகளில் முட்டையிடும் அவ்வண்டைத் தடுக்க, மெருகெண்ணெயோ வண்ணமோ பூசி மேற்பரப்பை மூடுவதும் துணைபுரியும்.

ஒரு வண்டுக்கு ஈரத்தை நீக்குவது மருந்தாகிறது. மற்றொன்றுக்கு அது பயன்படுவதில்லை. துளையையும் பொடியையும் நோக்காது நஞ்சைத் தெளிப்பது வீண்செலவு என்பதோடு, வீட்டிலுள்ளோர்க்குக் கேடாகவும் முடியலாம். லெஃப்ராயின் முடிவும் இவ்வெச்சரிக்கையை நமக்கு உணர்த்துகிறது.