விலகி நின்ற பன்னிரண்டு பேர்

கூட்டம் என்று பேச்செடுத்ததும் முதலில் வந்து நிற்பவர் குஸ்தாவ் லெபோன். பாரிஸ் கம்யூனைப் பார்த்து மிரண்டுபோன வர்க்கத்தின் பயத்தை 1895இல் அவர் விஞ்ஞானம் மாதிரி எழுதி வைத்தார். தனியாக இருந்தால் மனிதன் யோசிப்பான், கூட்டத்தில் சேர்ந்தால் மிருகமாவான் என்பது அதன் சாரம். போலீஸ் அதிகாரிகளுக்கும் தலையங்கம் எழுதுகிறவர்களுக்கும் இன்றுவரை ரொம்பப் பிடித்தமான கருத்து. ஊர்வலம் போகிறவர்கள்தான் ‘கூட்டம்’. எதிரே லத்தியோடு வரிசை கட்டி நிற்கிறவர்கள் கூட்டத்தில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. நான் பேச வந்தது இந்த இரண்டாவது வகைக் கூட்டத்தைப் பற்றி.

1942 ஜூலை 13. ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த போலந்தின் யுசெஃபூவ் என்ற சிற்றூர். விடிந்தும் விடியாத நேரத்தில் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101 லாரிகளிலிருந்து இறங்கி அரைவட்டமாக நிற்கிறது. பட்டாலியனில் சுமார் 500 பேர். ஹாம்பர்க் நகரத்து ஆட்கள். துறைமுகத் தொழிலாளி, லாரி டிரைவர், கிடங்கு வேலையாள், குமாஸ்தா என்று பெரும்பாலும் குடும்பஸ்தர்கள், நடுத்தர வயதுக்காரர்கள். நாஜிக் கட்சி உறுப்பினர்கள் கால்வாசிப் பேர்தான். ஹிட்லர் வருவதற்கு முன்பே வளர்ந்து ஆளானவர்கள் என்பதையும், ஹாம்பர்க் தொழிலாளர் இயக்கம் வலுவாக இருந்த நகரம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தளபதி மேஜர் வில்ஹெல்ம் ட்ராப் கண் கலங்க உத்தரவைச் சொல்கிறார். ஊரிலுள்ள யூதர்களில் வேலைக்கு ஆகும் ஆண்களைத் தனியே பிரிக்க வேண்டும். மற்றவர்களை, அதாவது பெண்களை, குழந்தைகளை, முதியவர்களைச் சுட்டுவிட வேண்டும். சொல்லி முடித்துவிட்டு ஒரு சலுகையும் தருகிறார். வயதில் மூத்தவர்களில் இது தன்னால் ஆகாது என்று நினைப்பவர் விலகிக்கொள்ளலாம்.

ஒருவர் முன்னால் வந்தார். அவருடைய கம்பெனி கேப்டன் அவரைத் திட்ட ஆரம்பித்தார். ட்ராப் கேப்டனை அடக்கினார். அதைப் பார்த்த பிறகு இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் ஒதுங்கினார்கள். அவ்வளவுதான். இரவுக்குள் காட்டில் சுமார் 1500 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள்.

1960களில் ஹாம்பர்க் அரசு வழக்கறிஞர்கள் இந்தப் பட்டாலியன்காரர்கள் 210 பேரை விசாரித்துப் பதிவு செய்த வாக்குமூலங்களை வைத்துத்தான் கிறிஸ்டோஃபர் பிரௌனிங் 1992இல் தன் நூலை எழுதினார். நான்கு வருஷம் கழித்து அதே ஆவணங்களைப் படித்த டேனியல் கோல்ட்ஹாகன், ஜெர்மன் பண்பாட்டில் ஊறிப்போன யூத வெறுப்புதான் காரணம், மற்றதெல்லாம் சமாதானம் என்றார். வெறுப்பை ஒதுக்கிவிட்டு இதை விளக்க முடியாது, உண்மைதான். யார் கொல்லப்படத் தக்கவர் என்பதைக் கருத்தியல் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. ஆனால் வெறுப்பு மட்டும்தான் என்றால், காட்டுக்குள் போன பிறகு பாதியில் கழன்றுகொண்டவர்களை, வேண்டுமென்றே மெதுவாக வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தவர்களை, லாரிகளின் பக்கம் போய் ஒளிந்தவர்களை என்ன செய்வது? விலகியவர், நழுவியவர் எல்லோரையும் சேர்த்தாலும், சுட நிறுத்தப்பட்டவர்களில் பத்திலிருந்து இருபது சதவீதம் என்பது பிரௌனிங்கின் கணக்கு.

மறுத்திருந்தால் எங்களையே சுட்டிருப்பார்கள் என்பது போருக்குப் பின் எல்லா விசாரணைகளிலும் கேட்ட பல்லவி. நிராயுதபாணிகளைச் சுட மறுத்ததற்காகக் கடும் தண்டனை பெற்ற ஒரு ஆளைக்கூட எந்த வழக்கிலும் பிரதிவாதிகளால் காட்ட முடியவில்லை. அப்படியானால் பயம் எதைப் பற்றியது? பக்கத்தில் நிற்கிறவனின் பார்வையைப் பற்றியது. நான் விலகினால் என் பங்கை அவன் செய்ய வேண்டும். அந்நிய மண்ணில் அவனை விட்டால் எனக்குப் பேசவும் ஆள் கிடையாது.

என்னை ரொம்பத் தொந்தரவு செய்வது விலகியவர்கள் சொன்ன காரணம்தான். இது தப்பு என்று அநேகமாக யாரும் சொல்லவில்லை. எனக்கு மனபலம் போதாது, நான் பலவீனமானவன் என்றார்கள். தப்பு என்று சொன்னால் சுடுகிறவனைக் குற்றம் சாட்டியதாக ஆகும். பலவீனம் என்று சொன்னால் சுடுகிறவன் ‘ஆம்பளை’ ஆகிவிடுகிறான். மறுப்பே அந்தக் குழுவின் ஆண்மைச் சொல்லாடலைக் கெட்டிப்படுத்திக் கொடுத்தது. வெளிப்படையாகக் கொள்கை பேசியவர் ஒரு லெப்டினன்ட். பெண்களையும் குழந்தைகளையும் சுடும் வேலையில் நான் இறங்க மாட்டேன் என்று முந்தின இரவே சொல்லி, வேறு வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு ஹாம்பர்க்கில் சொந்த மர வியாபாரம் இருந்தது. போலீஸில் பதவி உயர்வு கிடைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்றில்லை. மனசாட்சிக்கும் கொஞ்சம் முதல் வேண்டியிருக்கிறது.

இதை எழுதும்போது என்னுடைய ஒரு சங்கதியும் நினைவுக்கு வருகிறது. கொலையோடு ஒப்பிடவில்லை, அந்த அபத்தம் வேண்டாம். நான் இருந்த ஒரு அமைப்பில் ஒரு தோழரை வெளியேற்றும் தீர்மானம் வந்தது. குற்றச்சாட்டு பொய் என்று எனக்குத் தெரியும். பக்கத்திலிருந்தவர் கையைத் தூக்கினார். பார்த்தால் என் கையும் மேலே இருக்கிறது. அப்புறம் டீக்கடையில் நாலு பேர், ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர், என்னிடம் வந்து எனக்கும் இதில் உடன்பாடு இல்லை என்றார்கள்.

பிரௌனிங் தன் விளக்கத்துக்கு ஸ்டான்லி மில்கிராமை அழைக்கிறார். யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் தொடங்கிய அந்த மின்அதிர்ச்சிச் சோதனை எல்லோரும் அறிந்தது. 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். சோதனையை நடத்தியவர் எழுதி வைத்த வசனத்தோடு நிற்கவில்லை, பங்கேற்ற பலருக்கு இது நாடகம் என்ற சந்தேகம் இருந்தது என்றெல்லாம் ஜினா பெர்ரி பின்னால் காப்பக ஒலிநாடாக்களைக் கேட்டு எழுதியிருக்கிறார். கிடக்கட்டும். நம் ஆட்கள் இந்த 26ஐயே திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகிறார்கள். இன்னொரு வடிவத்தில் மில்கிராம் பக்கத்தில் இரண்டு சகாக்களை உட்கார வைத்தார், அவர்கள் பாதியில் எழுந்து மறுத்துவிடுகிற மாதிரி. அங்கே கடைசி வரை போனவர்கள் 40க்கு 4 பேர். சாலமன் ஆஷ் 1950களில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்ன சோதனையிலும் இதேதான் நடந்தது. எல்லோரும் தப்பாகச் சொல்லும் அறையில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் போதும், தலையாட்டுவது சடாரென்று குறைந்துவிடுகிறது. ஆக, பணிய வைப்பதும் மறுக்க வைப்பதும் அதே பக்கத்து ஆள்தான். லெபோனின் ‘தனியாக யோசிக்கும் மனிதன்’ இந்தக் கணக்கில் எங்கேயும் தட்டுப்படவில்லை. யுசெஃபூவிலும் மற்றப் பன்னிரண்டு பேர் அசைந்தது முதல் ஆள் அசைந்து, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பிறகுதான்.

பட்டாலியன் 101 அதோடு நிற்கவில்லை. 1943 நவம்பருக்குள் அது சுட்டுக் கொன்றவர்கள் குறைந்தது 38,000 யூதர்கள், ட்ரெப்லிங்காவுக்கு ரயிலேற்றியவர்கள் 45,000. முதல் நாள் இரவு சாப்பிட முடியாமல் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் போகப் போகப் பழகிவிட்டது. பிந்தைய கொலைகளுக்கு வேண்டிய அளவு ஆட்கள் தாங்களாகவே முன்வந்தார்கள்.

ட்ராப் 1948இல் போலந்தில் தூக்கிலிடப்பட்டார். வழக்கு, பழிவாங்கலாக 78 போலந்துக்காரர்களைச் சுட்டது பற்றி. யூதர்களைப் பற்றி அந்த நீதிமன்றம் பேசவில்லை. இருபது வருஷம் கழித்து ஹாம்பர்க்கில் விசாரிக்கப்பட்டவர்களில் ஒருவரிடம், வாய்ப்புக் கொடுத்தும் ஏன் விலகவில்லை என்று கேட்டார்கள். தன் கோழைத்தனம்தான் காரணம் என்று அவர் ஒப்புக்கொண்டார். 1942இல் அந்தப் பெயர் விலகி நின்றவனுக்கு உரியதாக இருந்தது.