பதிவேடும் மின்படிவமும்: தமிழ்நாடு பதிவுத்துறையில் ஸ்டார் முறையின் வரவும் மாற்றமும் (2000 – 2018)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் சொத்து ஆவணங்களைப் பதிவு செய்யும் பணி 2000-ஆம் ஆண்டில் ஸ்டார் திட்டத்தின் வழியாகக் கணினிக்கு மாறத் தொடங்கியது. 2018-இல் அம்முறைக்கு மாற்றாக ஸ்டார் 2.0 என்னும் இணையவழி முறை நடைமுறைக்கு வந்தது. இவ்விரு மாற்றங்களும் பெரும்பாலும் விரைவு, வெளிப்படைத்தன்மை ஆகிய அளவுகோல்களாலேயே மதிப்பிடப்படுகின்றன. பதிவுச் சட்டத்தின் அட்டவணைகள் சொத்துரிமைக்குச் சான்றாக நிற்பவை. ஆகவே அட்டவணையை நிரப்பும் படிவம் மாறும்போது சான்று உருவாகும் முறையும், பிழைக்கான பொறுப்பும் இடம் மாறுகின்றன. இக்கருத்தைச் சட்ட வரலாறு, தமிழ்க் குறியாக்க வரலாறு, மதுரை நகர விரிவு ஆகிய மூன்றின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பதிவுச் சட்டம், அட்டவணை, வில்லங்கச் சான்று, ஸ்டார் 2.0, ஒருங்குறி, புல எண், மதுரை.

முன்னுரை

வீட்டு மனை வாங்க முற்படும் எவரும் முதலில் கேட்டுப் பெறுவது வில்லங்கச் சான்று. குறிப்பிட்ட சொத்தின் மீது குறிப்பிட்ட கால அளவில் பதிவான விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை ஆகியவற்றின் பட்டியல் அது. அப்பட்டியலில் ஒரு வரி விடுபட்டுப் போனால், ஏற்கெனவே அடமானத்தில் உள்ள நிலம் குறையற்றதாகத் தோன்றும். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு அந்த ஒரு வரியைச் சார்ந்திருக்கிறது. எனவே அவ்வரி எங்கிருந்து வருகிறது, அதை எழுதுபவர் யார், எந்தச் சொல்லைக் கொண்டு அது தேடப்படுகிறது ஆகிய வினாக்கள் நிர்வாக வரலாற்றின் வினாக்களாகவும் அமைகின்றன.

சட்டம் வகுத்த படிவம்

சென்னை மாகாணத்தில் ஆவணப் பதிவுக்கான முதல் ஏற்பாடு 1802-ஆம் ஆண்டின் 17-ஆம் ஒழுங்குவிதியால் செய்யப்பட்டது. 1864, 1866, 1871, 1877 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களைத் தொடர்ந்து, இன்றும் நடப்பிலுள்ள 1908-ஆம் ஆண்டின் 16-ஆம் சட்டம் 1909 சனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் 51-ஆம் பிரிவு, அலுவலகம் பேணவேண்டிய புத்தகங்களை வரையறுக்கிறது. அசையாச் சொத்து ஆவணங்களுக்கு 1-ஆம் புத்தகம், மறுக்கப்பட்ட பதிவுகளின் காரணங்களுக்கு 2-ஆம் புத்தகம், உயில்களுக்கு 3-ஆம் புத்தகம், பிறவற்றுக்கு 4-ஆம் புத்தகம் என அவை அமைந்தன. ஒவ்வொரு புத்தகத்திலும் பதிவுகள் ஆண்டுதோறும் புதிய வரிசை எண்ணுடன் தொடங்கவேண்டும் என்பது 53-ஆம் பிரிவின் விதி. ஆவண எண்ணும் ஆண்டும் சேர்ந்த அடையாளம் இவ்விதியில் பிறந்ததே.

55-ஆம் பிரிவு அட்டவணைகளைப் பற்றியது. அசையாச் சொத்தைப் பொறுத்தவரை, ஆவணத்தில் தொடர்புடைய மனிதர்களின் பெயர்களுக்கு முதல் அட்டவணையும், சொத்தின் விவரங்களுக்கு இரண்டாம் அட்டவணையும் உரியவை. மேலோட்டமான பார்வையில் இவை தேடுதலுக்கான துணைக்கருவிகளே. ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 1929-இல் செய்யப்பட்ட திருத்தம் அட்டவணைக்குத் தனிச் சட்ட வலிமையை அளித்தது. பதிவான ஆவணத்தைப் பற்றி, அச்சொத்தைப் பின்னர் வாங்குபவர் அறிந்தவராகவே கருதப்படுவார் என்பது அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு விளக்கம். இக்கருதுகோளுக்கு நிபந்தனைகள் உண்டு. ஆவணம் முறைப்படி பதிவாகியிருக்கவேண்டும். உரிய புத்தகத்தில் சேர்க்கப்பட்டிருக்கவேண்டும். அதன் விவரங்கள் அட்டவணையில் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கவேண்டும். ஆகவே அட்டவணையில் நேரும் எழுத்துப்பிழை எழுத்தரின் கவனக்குறைவு என்ற அளவில் முடிவதில்லை. அது உரிமை வழக்கின் போக்கையே மாற்ற வல்லது.

வில்லங்கச் சான்றின் படிவமும் இவ்வரம்பை ஒப்புக்கொள்கிறது. விண்ணப்பதாரர் தந்த சொத்து விவரத்தை அடிப்படையாகக் கொண்டே தேடுதல் நிகழ்கிறது. அதே சொத்து வேறொரு ஆவணத்தில் வேறு வகையில் விவரிக்கப்பட்டிருந்தால், அந்நடவடிக்கை சான்றில் இடம்பெறாது என்பது படிவத்தின் குறிப்பிலேயே உள்ளது. ஓர் உண்மை இங்கே தெளிவாகிறது. அட்டவணை நிலத்தைத் தேடுவதில்லை. நிலத்தைப் பற்றிய சொற்களைத் தேடுகிறது. கணினி முறைகள் மாறியபோதும் இவ்வியல்பு மாறவில்லை.

முதல் கணினி முறை

1990-களின் இறுதியில் தென்மாநிலங்களின் பதிவு அலுவலகங்களில் கணினி நுழைந்தது. ஆந்திரப் பிரதேசம் 1998-இல் கார்டு என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்டார் திட்டத்தின் விரிவு, எளிமையும் வெளிப்படைத்தன்மையும் கொண்ட பதிவு நிர்வாகம் என்னும் பொருள் தருவது. ஆவணங்களைக் கையால் படியெடுத்த இடத்தில் வருடிப் படமாகச் சேமித்தல், அட்டவணை விவரங்களைக் கணினியில் உள்ளிடுதல், கணினி வழியே வில்லங்கச் சான்று வழங்குதல் ஆகியன இதன் அடிப்படைப் பணிகள்.

நடைமுறை முன்னே செல்லச் சட்டம் பின்தொடர்ந்தது. 2001-ஆம் ஆண்டின் 48-ஆம் திருத்தச் சட்டம் பதிவுச் சட்டத்தில் 16-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. பதிவுப் புத்தகங்களைக் கணினி நெகிழ்வட்டுகளிலும் பிற மின்னணு வடிவங்களிலும் பேண அப்பிரிவு இசைவளித்தது. அவற்றிலிருந்து பதிவு அலுவலர் கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தரும் படி, பழைய புத்தகத்தின் படிக்கு நிகராகக் கொள்ளப்படும் என்றும் அது வரையறுத்தது. நெகிழ்வட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட சட்ட வாசகம், அந்த ஊடகம் வழக்கொழிந்த பின்னரும் நிலைத்திருப்பது கருதத்தக்கது.

முதல் ஸ்டார் முறை 1908-ஆம் ஆண்டின் புத்தக அமைப்பைக் கணினித் திரையில் மீண்டும் உருவாக்கியது எனலாம். தரவு அந்தந்த அலுவலகத்தின் கணினியை மையமாகக் கொண்டிருந்தது. உள்ளீடும் அலுவலகத்துக்குள்ளேயே நிகழ்ந்தது. ஆவணதாரர் தாளில் எழுதிய ஆவணத்தைக் கொண்டுவருவார். அதிலிருந்து எந்தச் சொல்லை அட்டவணைக்கு எடுப்பது என்பதை அலுவலகமே முடிவு செய்யும். கருவி மாறினாலும் எழுதும் பொறுப்பு இடம் மாறவில்லை.

பெயரும் குறியாக்கமும்

ஸ்டார் தொடங்கிய காலம், தமிழ்க் கணிமையில் தரப்பாடு உருவாகிவந்த காலமும் ஆகும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, டாம், டாப் ஆகிய 8 பிட் குறியாக்கங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. 8 பிட் முறையில் இடங்கள் மொத்தம் 256 மட்டுமே. அதனால் எழுத்தின் ஒலிவரிசை அன்றி, கண்ணுக்குத் தெரியும் வடிவ வரிசையே சேமிக்கப்பட்டது. 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்னும் மூன்று வடிவங்களின் வரிசையாகப் பதிவானது. எழுத்துருவை மாற்றினால் சொல் உருக்குலையும் நிலை இதனால் ஏற்பட்டது.

2010 சூன் மாதம், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற வேளையில், ஒருங்குறியும் டேஸ் 16 முறையும் அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. ஒருங்குறி, எழுத்துருவையும் தரவையும் பிரித்தது. எனினும் பெயர்த் தேடலின் இடர்கள் அதனுடன் முடிந்துவிடவில்லை. 'கொ' என்னும் எழுத்தை ஒருங்குறியில் இரு வகையாகச் சேமிக்க இயலும். அவ்விரண்டையும் நிகரெனக் கொள்ளும் இயல்பாக்கம் மென்பொருளில் இருந்தாலன்றித் தேடல் தவறும். 'ஔ' என்னும் ஓரெழுத்தும், 'ஒ', 'ள' என்னும் ஈரெழுத்துச் சேர்க்கையும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு முற்றிலும் வேறு.

இவற்றுக்கும் மேலாக, தமிழ்ப் பெயர் வழக்கே பல வடிவங்களைக் கொண்டது. சுப்பிரமணியன், சுப்ரமணியன், சுப்பிரமணியம் ஆகிய மூன்றும் ஒரே மனிதரைக் குறிக்கக்கூடும். தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னும், மற்றொன்றில் 'த/பெ' என்னும் குறிப்புடன் பின்னும் வரும். தாள் அட்டவணையைப் புரட்டிய அனுபவமுள்ள எழுத்தரின் கண் இவ்வேறுபாடுகளைத் தாண்டிச் செல்லும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினித் தேடலுக்கு அத்திறன் இல்லை. ஆகவே கைமுறையில் மனித அறிவாக இருந்த ஒன்று, மின்படிவத்தில் எழுத்துக்கூட்டல் பற்றிய விதியாக வகுக்கப்படவேண்டியதாயிற்று.

இணையப் படிவமும் எழுதுபவரும்

2018 பிப்ரவரி 12 அன்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி ஸ்டார் 2.0 முறையைத் தொடங்கிவைத்தார். டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் உருவாக்கிய இம்முறை, மாநிலத்தின் சார்பதிவாளர் அலுவலகங்களை ஒரே இணையத் தளத்தில் இணைத்தது. பொதுமக்கள், ஆவண எழுத்தர், வழக்கறிஞர் ஆகியோர் தத்தம் கணக்கில் நுழைந்து விவரங்களை உள்ளிடுதல், கட்டணத்தை இணையத்தில் செலுத்துதல், அலுவலகத்துக்கு வருவதற்கான நேரத்தை முன்பதிவு செய்தல் ஆகியன இதன் கூறுகள். கணினியில் கிடைக்கும் வில்லங்க விவரங்களின் காலமும் பின்னோக்கி நீண்டது. முதலில் 1987 முதல் கிடைத்த விவரங்கள், பின்னர் 1975 முதல் கிடைக்கலாயின.

இம்மாற்றத்தின் மையம் வேகம் அன்று, எழுதுபவர் மாறியதே. எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர், கைமாற்றுத் தொகை, முந்தைய ஆவண எண், புல எண், விஸ்தீரணம், நான்கெல்லை ஆகியவற்றை இப்போது அலுவலகத்துக்கு வெளியே இருப்பவர் கட்டம் கட்டமாக நிரப்புகிறார். பதிவு அலுவலர் அவற்றைச் சரிபார்க்கிறார். கணினிப் பழக்கமும் சட்டச் சொற்களில் தேர்ச்சியும் குறைந்த மக்களுக்காக இக்கட்டங்களைப் பெரும்பாலும் ஆவண எழுத்தரே நிரப்புகிறார். மக்கள் நேரடியாகப் பயன்படுத்துவதற்கென அமைந்த படிவம், இடையில் நிற்பவரின் பணியை நீக்கவில்லை. அதன் தன்மையை மாற்றியது. முன்பு உரைநடையாக ஆவணம் எழுதியவர், இப்போது அட்டவணையின் முதல் வரைவையும் எழுதுகிறார். ஆனால் அட்டவணை சரியாக இருக்கவேண்டும் என்னும் சட்ட நிபந்தனை 1929-இல் இருந்தவாறே நீடிக்கிறது.

வருவாய்த்துறையின் தமிழ் நிலம் தரவுத்தளத்துடன் இம்முறை இணைக்கப்பட்டதும் குறிப்பிடத்தக்கது. உட்பிரிவு தேவைப்படாத இனங்களில் பதிவைத் தொடர்ந்து பட்டா தானாக மாறும் வசதி இதனால் கிட்டியது. இந்நிலையில் படிவத்தின் ஒரு கட்டத்தில் நேரும் பிழை, இரு துறைகளின் பதிவேடுகளுக்கும் பரவக்கூடும்.

நடுவண் அரசின் நிறுமப் பதிவு முறை இதற்கு ஓர் ஒப்பீடாக அமைகிறது. எம்.சி.ஏ. 21 என்னும் அம்முறையில் தரவிறக்கி நிரப்பும் பி.டி.எஃப். படிவங்கள் இருந்தன. 2022 மார்ச்சில் தொடங்கி, 2025 சூலை வரை பல தொகுதிகளாக அவை இணையப் படிவங்களாக மாற்றப்பட்டன. அங்கே நிறுமத்துக்கு ஒரே அடையாள எண் உண்டு. பெயர் மாறினாலும் அவ்வெண்ணைக் கொண்டு பழைய பதிவுகளைத் தொடரலாம். நிலத்துக்கு அத்தகைய மாறா எண் நெடுங்காலம் இல்லாதிருந்ததே பதிவுத்துறையின் தனி இடர்.

நகர விரிவும் சொத்தின் அடையாளமும்: மதுரை

இவ்விடரை மதுரையின் வடகரைப் பகுதி நன்கு விளக்குகிறது. 1971-இல் மாநகராட்சியான மதுரை, 2011-இல் 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. வைகைக்கு வடக்கே, வண்டியூர்க் கண்மாயை ஒட்டிய கே.கே. நகர், அண்ணா நகர் போன்ற குடியிருப்புகளின் பெயர்கள் இன்று அஞ்சலிலும் அன்றாடப் பேச்சிலும் நிலைத்துவிட்டன. ஆனால் பதிவேடு நிலத்தை நகர்ப் பெயரால் அறிவதில்லை. கிராமம், புல எண், உட்பிரிவு ஆகியவற்றால் அறிகிறது. நகர அளவை நடந்த இடங்களில் வார்டு, பிளாக்கு, நகர அளவை எண் ஆகியன அவற்றின் இடத்தைப் பெறுகின்றன. மனைப்பிரிவு வரைபடத்தின் மனை எண் மூன்றாம் அடையாளம். மாநகராட்சியின் கதவு எண் நான்காவது.

1979-இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டமும் மாநிலம் முழுவதும் பல உட்பிரிவு எண்களை மாற்றியது. எடுத்துக்காட்டாக, மூல ஆவணத்தில் 125/2 என இருந்த நிலம் பின்னர் 125/2ஏ, 125/2பி எனப் பிரிந்திருக்கலாம். அந்த 'ஏ' ஓர் ஆவணத்தில் ஆங்கில எழுத்தாகவும் மற்றொன்றில் தமிழ் எழுத்தாகவும் இருக்கலாம். 125/2ஏ என்று மட்டும் தேடுபவருக்கு 125/2-இன் மீதான பழைய அடமானம் தெரியாமல் போகும். நான்கெல்லையும் இவ்வாறே. பக்கத்து வயலையோ வாய்க்காலையோ எல்லையாகச் சொன்ன பழைய ஆவணத்துக்கும், 30 அடிச் சாலையை எல்லையாகச் சொல்லும் புதிய ஆவணத்துக்கும் இடையே நிலம் ஒன்றே, சொற்கள் வேறு.

பதிவுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, சொத்தை இனங்காண்பதற்குப் போதுமான விவரம் வேண்டும் என்கிறது. நகர வீடுகளுக்குத் தெருவும் கதவு எண்ணும், பிற நிலங்களுக்குப் பரப்பும் எல்லையும் அளவைக் குறிப்பும் என இரு வேறு மரபுகளை அது வகுத்தது. கிராமம் நகரமான இடங்களில் ஒரே மனையின் வரலாறு இவ்விரு மரபுகளிலும் கிடக்கிறது. அவற்றை இணைக்கும் கண்ணி, ஆவண உரையில் வரும் முந்தைய ஆவண எண்ணும் ஆண்டுமே. கைப்பதிவேடு, முதல் ஸ்டார், ஸ்டார் 2.0 ஆகிய மூன்று முறைகளையும் தாண்டி மாறாது வந்த அடையாளமும் அதுவே.

முடிவுரை

தமிழ்நாடு பதிவுத்துறையின் மின்படிவ மாற்றம் இரு கட்டங்களைக் கொண்டது. 2000-ஆம் ஆண்டின் முறை ஊடகத்தை மாற்றியது. எழுதும் இடத்தை மாற்றவில்லை. 2018-ஆம் ஆண்டின் முறை எழுதும் இடத்தையும் எழுதுபவரையும் மாற்றியது. ஆனால் இரண்டும், சொத்தைச் சொற்களால் தேடும் 1908-ஆம் ஆண்டின் அட்டவணைத் தருக்கத்தையே தொடர்ந்தன. மென்பொருளை மாற்ற ஒரு நாள் குறிக்கலாம். பழைய விவரங்களைப் புதிய அடையாளங்களோடு பொருத்தும் பணிக்கு அவ்வாறு நாள் குறிக்க இயலாது. பெயர்களின் வடிவ வேறுபாடு, குறியாக்கத்தின் இயல்பாக்கம், பழைய புல எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பு ஆகிய மூன்றும் அப்பணியின் கூறுகள். இவை முறையாக நிறைவேறும்வரை, 'வில்லங்கம் இல்லை' என்னும் சான்றுக்குக் கேட்ட சொற்களில் வில்லங்கம் இல்லை என்பது மட்டுமே பொருளாகும். அச்சொற்களைத் தெரிவு செய்யும் பொறுப்பு மக்களிடம் வந்துவிட்டதால், பழைய மூல ஆவணங்களைப் பேணிப் படிக்கும் தேவை இணையக் காலத்தில் குறையவில்லை, கூடியிருக்கிறது.